மலைநாட்டு விகாரங்களில் தமிழ்நாட்டு உளி

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மலையே இல்லாத நிலத்தில் மலையின் பெயர் தாங்கி நிற்கிறது ஓர் ஊர். மங்கலம்பேட்டையிலிருந்து தெற்கே விருத்தாசலம் வரை சென்று பாருங்கள். வழி நெடுகச் சமவெளியே தவிர ஒரு குன்றையும் காணமாட்டீர்கள். ஆயினும் விருத்தாசலம் என்ற வடசொல்லுக்குப் பழைய மலை என்பதே பொருள். தேவாரம் பாடிய பெரியோர் அதனைத் திருமுதுகுன்றம் என்றனர். அங்கே கோயில் கொண்ட இறைவனுக்கும் பழமலைநாதர் என்றே திருநாமம். மலை எங்கே என்று தேடிச் செல்பவர் கண்ணில் படுவது, மணிமுத்தாற்றங்கரையில் ஓங்கி நிற்கும் கற்கோயில்தான்.

அந்தக் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார் என்ற சோழப் பேரரசி. அக்காலம் முதல் கற்றளிகளுக்கென்று ஓர் இலக்கணம் நம் நாட்டில் நிலைபெற்றுவிட்டது. தரையிலிருந்து தொடங்கினால் முதலில் உபானம், அதன்மேல் ஜகதி, அதன்மேல் உருண்டோ பட்டை தீர்ந்தோ அமையும் குமுதம், பிறகு கண்டம், பட்டிகை. சுவரை அணி செய்பவை அரைத் தூண்கள், தூணின் தலையில் போதிகை, அதற்கும் மேலே வளைந்து இறங்கும் கபோதம், கபோதத்தில் கூடுகள். ஒரு செய்யுளில் எழுத்தும் அசையும் சீரும் அடியும் முறையே அமைவதுபோல், இவையும் ஒன்றன்மேல் ஒன்றாக முறை பிறழாமல் அமையும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெயர் தெரியாமலே இந்த வரிசையைக் கண்ணால் மனப்பாடம் செய்துகொண்டு வளர்கிறார்கள். நானும் அப்படி வளர்ந்தவனே.

கண்ணால் கற்ற இந்தப் பாடம், கடல் கடந்து சென்றபோது எனக்குப் பயன்பட்டது. இலங்கையின் மலைநாட்டில், புத்தர் பெருமான் வீற்றிருக்கும் ஒரு கோயிலின் அடித்தளத்தில் இதே வரிசையை நான் கண்டேன். அந்தக் கோயிலையும் அதன் அயலிலுள்ள வேறு சில கோயில்களையும் பற்றியே மாணவ நண்பர்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் இருப்புப்பாதை 1867-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வண்டி சமவெளியைக் கடந்ததும் மலை ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம். கீழே படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் மரகதத் துண்டுகளைப் போலத் தோன்றும். இந்த மலைகளில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட, 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் நடந்தே வந்தனர் என்பதை நாம் அறிவோம். ஆனால் அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு சில தமிழ்நாட்டார் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு இதே மலைகளுக்கு வந்தனர் என்பதை அறிந்தவர் சிலரே.

கண்டிக்குச் சற்று முன்னால் பிலிமத்தலாவை என்ற ஊர் இருக்கிறது. அங்கே இறங்கித் தெற்கு நோக்கிச் செல்லும் சிறு சாலையைப் பிடித்தால், கடலாதெனிய, இலங்காதிலகம், எம்பெக்கே என்ற மூன்று கோயில்களை ஒரே நாளில் கண்டு திரும்பலாம். நெடுஞ்சாலையின் ஓசை பின்னால் நின்றுவிடுகிறது. பாக்கு மரங்கள், மிளகுக் கொடிகள், வெள்ளை உடுத்து மலர்த்தட்டு ஏந்திச் செல்லும் முதியோர். இவற்றினிடையே கோயில்கள் ஆரவாரமின்றி நிற்கின்றன.

இத்தகைய உள்நாட்டு மலைப்புறத்தில் அரசர்கள் பெருங்கோயில்களை எடுப்பித்தது ஏன்? அதற்கு அந்நாட்டுச் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்க்கவேண்டும். இலங்கையின் பழைய தலைநகரங்களான அநுராதபுரமும் பொலன்னறுவையும் வடக்குச் சமவெளியில் இருந்தன. 1215-ஆம் ஆண்டில் கலிங்க மாகன் படையெடுத்துப் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அதன்பின் சிங்கள அரசு தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் நகர்ந்தது. தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல் என்று தலைநகரம் இடம் மாறி மாறி, இறுதியில் மகாவலி கங்கைக் கரையில் உள்ள கம்பளைக்கு வந்து சேர்ந்தது. 1341-இல் அரியணை ஏறிய நான்காம் புவனேகபாகு கம்பளையில் அமர்ந்து ஆட்சி செய்தான். அவன் காலத்தில் 1344-ஆம் ஆண்டில் எழுந்தவையே கடலாதெனிய விகாரமும் இலங்காதிலக விகாரமும்.

கடலாதெனிய விகாரம் ஒரு பெரும் பாறையின் முதுகில் அமைந்தது. பாறைப் பள்ளங்களில் தேங்கிய நீர் சிறு சுனைகளாக வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கோயில் முழுவதும் கருங்கல். முன்னே தூண்கள் தாங்கும் முகமண்டபம், அடுத்து இடைமண்டபம், அதற்கப்பால் கருவறை, கருவறையின்மேல் விமானம் போன்ற கட்டுமானம். அடித்தளத்தை நெருங்கிக் குனிந்து பார்த்தேன். ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எல்லாம் நம் ஊர்க் கோயிலில் உள்ளபடியே இருந்தன. கண்டத்தில் நடனமாடுவோரும் மத்தளம் கொட்டுவோரும் சிறு சிறு உருவங்களாக வரிசையில் செல்கின்றனர். கண்ணை மூடித் திறந்தால் நடுநாட்டுச் சிவன் கோயில் ஒன்றின் முன் நிற்கிறோமோ என்று ஐயம் எழும். ஆனால் உள்ளே சென்றால், மகர தோரணத்தின்கீழ்த் தியானத்தில் அமர்ந்திருப்பவர் புத்தர் பெருமான். வெளியே, நான்கு பக்கமும் சிறு அறைகள் சூழ, ஓடு வேய்ந்த கூரையின்கீழ் ஒரு தூபி நிற்கிறது. தூபிக்குக் கூரை இடுவது இலங்கையின் பழைய மரபு. அதை நம் நாட்டில் காண முடியாது.

இந்த ஒற்றுமை தற்செயலாக நேர்ந்ததா என்ற கேள்விக்குப் பாறையே விடை சொல்கிறது. விகாரத்தின் அருகே பாறையில் வெட்டிய கல்வெட்டு, இக்கோயிலை எடுப்பித்தவர் தர்மகீர்த்தி என்னும் தேரர் என்றும், கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரியர் என்றும் கூறுகிறது. தர்மகீர்த்தி தேரர் சிங்கள நாட்டுத் துறவி. ஆந்திர நாட்டிலுள்ள தானியகடகம் என்னும் அமராவதியில் இருந்த ஒரு புத்தர் கோயிலைப் புதுப்பித்த பெருமையும் உடையவர். கணேசுவராசாரியரோ தென்னிந்தியச் சிற்பி. பௌத்தத் துறவி பணி இட, கணபதியின் பெயர் தாங்கிய சிற்பி புத்தருக்குக் கோயில் எழுப்பினார். இருவருக்கும் அதில் யாதொரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த 1344-ஆம் ஆண்டில் தமிழ்நாடு எந்த நிலையில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். 1311-இல் மாலிக் காபூர் மதுரை வரை படையெடுத்து வந்தான். பாண்டியப் பேரரசு சிதைந்தது. 1330-களில் மதுரையில் சுல்தான்களின் தனியாட்சி ஏற்பட்டது. வடக்கே துங்கபத்திரைக் கரையில் விசயநகரம் தோன்றி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசரின் ஆதரவை நம்பி வாழ்ந்த கற்றச்சர்கள் பிற நாடுகளில் பணி தேடிப் புறப்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு. மொராக்கோ நாட்டு யாத்திரிகரான இபன் பதூதா இலங்கைக்கு வந்ததும் அதே 1344-ஆம் ஆண்டில்தான். அவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடி, பாதமலைக்கு யாத்திரை சென்று, பிறகு மதுரைக்கும் வந்தார். பாக்கு நீரிணை இரு நாடுகளைப் பிரிக்கும் அகழியாக அன்று இருக்கவில்லை. வணிகரும் துறவிகளும் யாத்திரிகரும் சிற்பிகளும் நாள்தோறும் கடந்துசெல்லும் வீதியாக இருந்தது.

இவ்வளவுக்கும் அது நட்பு நிலவிய காலம் அன்று. வடக்கே ஆரியச் சக்கரவர்த்திகள் வலிமை பெற்று வந்தனர். அவர்களுக்கும் கம்பளை அரசுக்கும் இடையே பகைமை முற்றிக்கொண்டிருந்தது. தமிழரசன் ஒருவனுடன் பகைத்திருந்தபோதும், தமிழ்நாட்டுக் கலைமரபைத் தன் நாட்டுக்குள் வரவேற்கச் சிங்கள அரசு தயங்கவில்லை. சரித்திர மாணவர் மறவாமல் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி இது.

இலங்காதிலகம் அங்கிருந்து சில கல் தொலைவில் உள்ளது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறிச் சென்றால், உச்சியில் வெண்ணிறக் கோயில் வானத்தை அளாவி நிற்கிறது. கீழ்த்தளம் கல், மேலே செங்கல்லும் சுதையும். முன்னாளில் நான்கு நிலைகள் இருந்தன என்பர்; இன்று மேல்நிலைகள் இல்லை. இதனைக் கட்டுவித்தவர் சேனாலங்காதிகாரர் என்ற அமைச்சர். கட்டியவர் ஸ்தபதிராயர் என்ற தென்னிந்தியச் சிற்பி. கிழக்கு வாயிலில் நுழைந்தால் புத்தர் சந்நிதி. சுவரிலும் விதானத்திலும் கண்டி அரசர் காலத்து ஓவியங்கள். மேற்கே சுற்றி வந்தால் தேவாலயம். உபுல்வன், சமன், விபீடணன் ஆகிய தெய்வங்களோடு கணபதியும் கந்தகுமாரரும் அங்கே இடம் பெற்றிருக்கின்றனர். நடுவில் இருப்பவர் புத்தர். அவரைக் காவல் செய்பவர் தேவர்கள். ஒரே சுவரின் இரு புறமும் இரு வழிபாடுகள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றன.

இலங்காதிலகத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கோயிலினும் பாறையே. அங்கே பாறையில் வெட்டப்பட்ட சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. கோயில் எழுந்த செய்தியையும் அதற்கு விடப்பட்ட தானங்களையும் அது அறிவிக்கிறது. தமிழில் எழுதவேண்டிய தேவை என்ன? படிப்பவர் இருந்தால்தானே எழுதுவார்கள்? அந்த மலைநாட்டு விகாரத்தின் காரியங்களில் தமிழ் அறிந்தோர்க்கும் பங்கு இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஒரே பாறையில் அருகருகே பொறித்த இரு மொழிகளையும் ஒரே வெயிலும் ஒரே மழையும் தேய்த்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது கோயிலான எம்பெக்கே கல்லால் ஆனதன்று, மரத்தால் ஆனது. கம்பளைக்கால அரசனான மூன்றாம் விக்கிரமபாகுவின் பெயரோடு தொடர்புடையது. கதிர்காமத்துக் கடவுளுக்கு, அதாவது நம் முருகப் பெருமானுக்கு, சிங்கள மக்கள் எடுத்த ஆலயம் அது. மேளம் கொட்டும் மண்டபத்தின் மரத்தூண்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட செதுக்கு வேலைகள் உள்ளன. அன்னங்கள் கழுத்தைப் பின்னி நிற்கின்றன, மல்லர் பொருதுகின்றனர், தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள், இருதலைக் கழுகு சிறகு விரிக்கிறது. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே இடத்தில் கூடி ஓர் ஆணியால் பிணைந்து நிற்கும் விந்தையைத் தச்சுக்கலை பயில்வோர் அவசியம் காணவேண்டும். இவ்வேலையைச் செய்தவர் தெல்மட மூலாசாரி என்ற சிங்களத் தச்சர் என்று அந்நாட்டார் வழிவழியாகக் கூறுகின்றனர். கல்வேலைக்குத் தென்னாட்டார் கை. மரவேலைக்குச் சிங்களத்தார் கை. இரண்டும் ஒரே வட்டாரத்தில் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன.

பிற்காலத்தில் தலைநகரம் கண்டிக்கு மாறியது. மலைகள் சூழ, நடுவே ஏரியும் ஏரிக்கரையில் தலதா மாளிகையும் அமைந்த அழகிய நகரம் அது. புத்தர் பெருமானின் புனிதத் தந்தம் அம்மாளிகையில் பேணப்படுகிறது. இங்கேயும் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1739-இல் நரேந்திரசிங்கன் என்ற மன்னன் வாரிசின்றி இறந்தபோது, மதுரை நாயக்கர் குலத்தவளான அவனுடைய பட்டத்தரசியின் சகோதரன் அரியணை ஏறினான். அவனுக்குப்பின் 1747 முதல் 1782 வரை ஆண்டவன் கீர்த்தி சிறீ இராசசிங்கன். அக்காலத்தில் முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்குகளே இலங்கையில் இல்லாமற்போயினர். வெலிவிட்ட சரணங்கரர் என்னும் பெரியவரின் வேண்டுகோளை ஏற்று, மன்னன் சயாம் நாட்டுக்குத் தூது அனுப்பினான். 1753-இல் உபாலி தேரர் கடல் கடந்து வந்து, துறவறப் பரம்பரையை மீண்டும் நிலைநாட்டினார். தென்னாட்டிலிருந்து சென்ற குலத்தில் தோன்றிய அரசன் ஒருவனுடைய ஆட்சியிலேயே இலங்கைப் பௌத்தம் மறுவாழ்வு பெற்றது. ஆயினும் அவனை அந்நியன் என்று வெறுத்தோரும் இருந்தனர். 1760-இல் பிரபுக்களும் பிக்குகளும் சிலர் கூடி அவனைக் கொல்லச் சதி செய்தனர். சதி வெளிப்பட்டது. சரித்திரத்தில் இனிய செய்திகளை மட்டும் பொறுக்கி எடுப்பது நேர்மையாகாது. ஆதலால் இதனையும் சொல்லுகிறேன்.

தலதா மாளிகைக்கு எதிரே நாதர், விட்டுணு, பத்தினி ஆகிய தேவாலயங்கள் உள்ளன; கதிர்காமக் கடவுளுக்கும் நகரில் ஆலயம் உண்டு. ஆண்டுதோறும் நடைபெறும் பெரகரா விழாவில் இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் தந்த ஊர்வலத்தைப் பின்தொடர்கின்றன. பத்தினித் தெய்வம் யார்? மதுரையை எரித்த நம் கண்ணகியேயாவாள். இலங்கை வேந்தன் கயவாகு அவளுக்குக் கோயில் எடுத்தான் என்பதைச் சிலப்பதிகாரம் படித்த மாணவர்கள் அறிவார்கள்.

மாளிகையின் முகப்பில் உள்ள எண்கோண மண்டபத்தையும் ஏரியையும் அமைத்தவன் கடைசி மன்னனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கன். 1815-இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்து நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். 1832-இல் அவன் அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையில் உள்ள முத்துமண்டபம் அவன் கல்லறை இருக்கும் இடம்.

புத்தர் நமக்குப் புதியவர் அல்லர் என்பதையும் இங்கே நினைவூட்டவேண்டும். மணிமேகலை பௌத்த காப்பியம். வீரசோழியம் என்ற இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். இராசராச சோழன் காலத்தில் சிறீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு அளித்தான். நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867-இல் இடிக்கப்பட்டது. எங்கள் ஊருக்கு மேற்கே, ஆத்தூரை அடுத்த தியாகனூரில், தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலைகள் இன்றும் உள்ளன. ஆகவே 1344-இல் கடல் கடந்த சிற்பிக்குப் புத்தரின் உருவம் புதுமையாக இருந்திராது.

இத்தகைய கொடுக்கல் வாங்கலை மறந்தால் விளைவது என்ன? அண்மைக்காலச் சரித்திரம் அதைக் கண்ணீரால் எழுதியிருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1983-இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 வரை நீடித்தது. 1998 சனவரி 25-ஆம் நாள் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய வண்டியால் தலதா மாளிகையைத் தாக்கினர், வழிபட வந்தோர் உயிரிழந்தனர், முகப்பு சிதைந்தது. அவ்வெடிப்பில் சுவரின் பூச்சு உதிர்ந்த இடங்களில், அடியில் மறைந்திருந்த பழைய ஓவியங்கள் அடுக்கடுக்காக வெளிப்பட்டனவாம். எரித்தவர்களும் வெடி வைத்தவர்களும் தாங்கள் அழிப்பது பிறருடைய செல்வம் என்றே எண்ணினார்கள். கடலாதெனியப் பாறையையும் இலங்காதிலகச் சாசனத்தையும் படித்தவர்கள் அவ்வாறு எண்ண மாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, இக்கோயில்களை இரண்டு விதமாகத் தவறாகப் படிக்கலாம். இவை முற்றிலும் சிங்களவரின் ஆக்கமே, தென்னாட்டுக்கு இவற்றில் பங்கில்லை என்பது ஒரு தவறு. கல்வெட்டில் உள்ள சிற்பியின் பெயர் அதை மறுக்கிறது. இவை எல்லாம் தமிழன் கொடுத்த கொடையே என்று தோள் தட்டுவது மற்றொரு தவறு. பணி இட்ட தேரர், பொருள் ஈந்த அமைச்சர், தூபிக்குக் கூரையிட்ட மரபு, எம்பெக்கேயின் தச்சர் ஆகிய எல்லாம் அதை மறுக்கின்றன. ஒருவர் கேட்டார், ஒருவர் செய்தார், செய்தவரின் பெயரைக் கேட்டவர் கல்லில் பொறித்து வைத்தார். அங்கே நடந்தது இதுதான். கூலி கொடுத்து மறந்துவிடாமல் பெயரையும் பொறித்து வைத்த அந்த நன்றியுணர்வே கோயிலினும் உயர்ந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

விடுமுறையில் உங்கள் ஊர்ப் பழைய கோயிலுக்குச் சென்றால், கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். ஜகதி எது, குமுதம் எது என்று கண்டுகொள்ளுங்கள். சுவரில் எழுத்து இருந்தால், கட்டுவித்தவன் பெயரோடு கட்டியவன் பெயரும் உண்டா என்று தேடுங்கள். என்றேனும் ஒரு நாள் மலை ஏறிக் கடலாதெனியப் பாறையில் நிற்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமானால், அந்தக் கல்லைப் படிக்க உங்களுக்கு வேறு ஆசிரியர் வேண்டியிராது.